கெம்பாஸ் மரத்தடி முனிக்குக் கூரை எதற்கு

மாணிக்கத்துக்கு அம்மா எழுதுவது.

நலம் விசாரிக்கும் வரிகளை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உனக்கு மறுபடி இடம் கிடைத்துவிட்டது, எஞ்சினில் பழைய வேலையும் கிடைத்துவிட்டது, தை பிறந்தால் கல்யாணம். கிள்ளானில் பெண் வீட்டார் இப்போதே பலகாரத்துக்கு மாவு சேர்க்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எல்லாம் கேள்விதான். பெற்றவளிடம் நேரில் சொல்ல உனக்கு நேரமில்லை. போகட்டும், ஜப்பான்காரன் போன பிறகு எல்லோருக்கும் வேலை கூடிவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை நான் கேள்விப்பட்டதை மட்டும் போகட்டும் என்று விட முடியவில்லை. என் உடம்பு நன்றாக இருக்கிறது. வயிறுதான் எரிகிறது.

அன்று கோழிகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கம் ஆள் பேச்சு கேட்டது. போய்ப் பார்த்தால் வீராசாமி. ஒரு கையில் சுண்ணாம்புச் சட்டி, மறு கையில் தென்னை மட்டையைத் தட்டிச் செய்த தூரிகை, கூட இரண்டு ஆட்கள். ஓடைக்கரையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மரத்திலும் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே மேலே ஏறிக்கொண்டிருந்தான். உன் அப்பாவின் கூலிக் கூட்டத்தில் தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டை தூக்கிய அதே வீராசாமிதான். இப்போது கோயில் கமிட்டித் தலைவர். நெற்றியில் திருநீறு மூன்று விரல் அகலத்துக்கு இருக்கிறது.

"என்ன வீராசாமி, மரத்துக்கு வெள்ளையடிக்கிறியா? பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கே" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? மாணிக்கம் சொல்லலையா? நம்ம முனியாண்டிக்கு மண்டபம் கட்டப் போறோம் லா. தூண், உத்தரம், சட்டம் எல்லாம் இங்கேருந்துதான். மிச்சத்த மில்லுக்குப் போட்டா ஓடு வாங்கிடலாம். மில்லு தவுக்கேகிட்ட பேசியாச்சு. சனிக்கிழம ரம்பக்காரனுங்க வர்றானுங்க."

"எல்லா மரமுமா?"

"குறி போட்டது எல்லாம். மாணிக்கத்தோட வேண்டுதல்கா. அவன் கல்யாணமே அந்த மண்டபத்துலதான். சாமி காரியம், குறுக்க நிக்காதீங்க."

சொல்லிக்கொண்டே போய், சாமி உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் பெரிய கெம்பாஸ் மரத்திலும் ஒரு குறி போட்டான். அது ஏன் என்று கேட்டேன். வேர் பரவி மண்டபத் தரையைத் தூக்கிவிடுமாம். நிழலில் உட்கார்ந்திருக்கிற சாமிக்கு, நிழலை வெட்டிவிட்டு, அந்த மரத்தை விற்று, அந்தக் காசில் ஓடு வாங்கி நிழல் கொடுக்கப் போகிறார்களாம். இதைக் கமிட்டி கூடி, தேத்தண்ணி குடித்து, யோசித்து முடிவு செய்திருக்கிறது. நீயும் தலையாட்டியிருக்கிறாய்.

உன் வேண்டுதலையும் அவன்தான் சொன்னான். சயாமில், ஜப்பான்காரன் ரயில் பாதை போட்ட இடத்தில், மூங்கில் தட்டியில் காய்ச்சலோடு கிடந்தபோது, பக்கத்தில் படுத்திருந்தவன் காலையில் எழுந்திருக்காதபோது, நீ நம் முனியை நினைத்துக்கொண்டாயாம். "என்னை ஊர் சேர்த்துவிடு, உன் காட்டு மரத்திலேயே உனக்குக் கூரை போட்டு, உன் முன்னால் தாலி கட்டுகிறேன்" என்று சொன்னாயாம். இதைக் கேட்டு நான் அங்கேயே வேரில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்த இத்தனை நாளில், அங்கே நடந்ததில் ஒரு வார்த்தையாவது என்னிடம் சொன்னாயா? வீராசாமியிடம் சொல்லியிருக்கிறாய். அழுதேன். அழுதேன் என்று எழுதுவதால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அழுது முடித்ததும் முன்னைவிட அதிகமாகத்தான் வந்தது.

வேண்டுதல் பெரிய காரியம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேண்டிக்கொள்கிறவன் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும். முடியைக் கொடு, காவடி எடு, தீ மிதி, உன் சம்பளத்தில் கிடா வெட்டு. நம்முடைய அந்த ஆறு ஏக்கர் காட்டை உண்டாக்கியதில் உன் வேர்வை எவ்வளவு இருக்கிறது? நாங்கள் வாங்கியபோது அது காடே இல்லை. ஈயச் சுரங்கக்காரர்கள் வேண்டியதையெல்லாம் வெட்டிக்கொண்டு போன பிறகு கிடந்த மிச்சம். முள்ளும் கொடியும் லாலான் புல்லும் மண்டிக் கிடந்தது. ரயில் பாதைக் கூலிகளை மேய்க்கிற மண்டோருக்கு எதற்கு இந்தக் குப்பை மேடு என்று ரவாங் முழுக்கச் சிரித்தார்கள். உன் அப்பா வாழ்நாளெல்லாம் செத்த மரத்தைத் தண்டவாளத்துக்கு அடியில் போட்டவர். உயிரோடு இருக்கிற மரத்தை ஒரு தடவையாவது வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அவர் எப்படி வளர்த்தார் என்று உனக்கு நினைவிருக்கிறதா, இல்லை சயாமிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாயா? மரம் வெட்டுவதற்கு முன்னால் வருஷக்கணக்காக அந்த மரத்தைச் சுற்றி நடப்பார். விதை போடுகிற மரத்தைத் தொடமாட்டார். அதன் அடியில் கன்று எழும்பி ஆள் உயரம் வந்த பிறகுதான் அடுத்த யோசனை. வெட்டப்போகிற மரத்தில் படர்ந்த கொடிகளை ஒரு மழைக்காலம் முன்னாலேயே அறுத்துவிடுவார். இல்லாவிட்டால் சாய்கிற மரம் கொடியோடு பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழும். அந்தக் கொடி அறுக்கிற வேலைக்கு உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். ஓடைப் பக்கம் ஒரு மரமும் சாயக்கூடாது. கட்டை இழுக்க ஒரே தடம், எந்தக் காலத்திலும் அந்த ஒரே தடம். உள்ளே பொக்கையாகிப்போன மெராந்தி மரம் ஒன்று நிற்கிறதே, விறகுக்குக்கூட ஆகாதென்று நான் எத்தனை தடவை முணுமுணுத்திருப்பேன்! அதில் இருவாச்சி கூடு வைக்கிறது, அது நிற்கட்டும் என்றுவிட்டார். பெண் பறவை உள்ளே இருக்க, பொந்தை மண் வைத்துப் பூசி, ஒரு கீற்று மட்டும் விட்டு, ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டுவதைப் பார்க்க நீ கழுத்து வலிக்க நிற்பாய். அந்த மெராந்தியிலும் குறி விழுந்திருக்கிறது மாணிக்கம். பொக்கை மரத்தில் எந்த மண்டபத்துக்குத் தூண் வரும்? குறி போட்டவன் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் பன்றிப் பாத்தி. ஓடைக்கரையோரம் இரண்டு வரிசை மரவள்ளியும் சேம்பும் நட்டு, அது காட்டுப் பங்கு என்பார். பன்றியும் முள்ளம்பன்றியும் சருகுமானும் அங்கே வந்து தின்றுவிட்டுப் போகும், மேலே நம் தோட்டத்துக்கு ஏறாது. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. அவர் போன பிறகும் அதை நான் விடவில்லை என்றால், அவர் மேல் இருந்த பிரியத்தால் மட்டுமில்லை. பஞ்ச காலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் பன்றி ஒரே இரவில் உழுது போட்டபோது நம் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. "மனுசனுக்கே கிழங்கு இல்ல, பன்னிக்குப் பாத்தி போட்டிருக்கா பாரு" என்று வாயில் போட்டு மென்றவர்கள், பிறகு நம் வாசலில்தான் வந்து கூடையோடு நின்றார்கள். கொடுத்தேன். இன்று கமிட்டியில் இருப்பவர்களில் அந்தக் கிழங்கைத் தின்னாதவர் யார் என்று கேட்டுச் சொல்.

இப்போது அந்த முனியைப் பற்றிச் சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒருவருக்குத் தெரியும், அவரும் வாயைத் திறக்கமாட்டார்.

உன் அப்பா காய்ச்சலில் போன மறு வருஷம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் பாலங்களை உடைத்துவிட்டு, நம்மை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவு இருக்கிறது எனக்கு. கப்பல் இல்லை, நிலக்கரி இல்லை. எஞ்சினுக்கு விறகு போட ஆரம்பித்தார்கள். பாதையோரம் விறகு அடுக்கடுக்காக நிற்க வேண்டும் என்று உத்தரவு. அதற்கு மண்டோராக வீராசாமியைப் போட்டார்கள். அவன் கூட்டத்தில் எல்லாம் நம் ஆட்கள்தான், ரப்பர் தோட்டம் மூடியதும் வேலை இல்லாமல் நின்றவர்கள். முதலில் ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையை வெட்டினார்கள். பிறகு என்னிடம் வந்தார்கள். மேட்டில் இருந்த கிழட்டு ரப்பர் மரங்களைக் காட்டினேன். அவற்றைக் கொடுத்தேன், அந்த இடத்தில்தான் பிறகு மரவள்ளி நட்டது. அத்தோடு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. "கெம்பாஸு நல்லா எரியும்கா, நாள் முழுக்க நெருப்பு நிக்கும். நாளைக்கு அத ஆரம்பிச்சுடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். உன் அப்பா பொத்திப் பொத்தி வளர்த்த மரம், ஜப்பான்காரன் எஞ்சினில் போய்ச் சாம்பலாகப் போகிறது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சோறும் இல்லை என்பது வேறு விஷயம்.

நம் ஆட்கள் ஜப்பான்காரனுக்குப் பயப்படுவார்கள், வெள்ளைக்காரனுக்குப் பயப்படுவார்கள், தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணிக்குப் பயப்படுவார்கள். இவர்கள் எல்லோரையும்விட முனிக்குப் பயப்படுவார்கள். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான். சாயங்காலம் ஓடைக்குப் போனேன். கருப்பாக, உச்சி கொஞ்சம் கூம்பிய ஒரு கல்லைப் பார்த்து எடுத்தேன். இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பாக் ஹசான் எதிரே வந்தார், மீன் தூண்டிலோடு. பக்கத்து மலாய்க் கம்பத்து ஊர்க்காரர், உன் அப்பாவோடு ஓடையில் மீன் பிடித்தவர். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டார். "பெரிய மரத்துல ஏற்கெனவே ஒரு துவான், எசமான், இருப்பாரு மக்சிக். நீங்க எதுக்கு இன்னொருத்தரத் தூக்கிட்டுப் போறீங்க?" என்று மலாயில் கேட்டுவிட்டு, கல்லை என் கையிலிருந்து வாங்கி மரத்தடி வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை.

கல் கிடைத்துவிட்டது, சூலம் வேண்டுமே? உன் அப்பாவின் களைமுள் இருந்தது, மூன்று பல், பிடி ஒடிந்தது. அதைத் தலைகீழாக நட்டேன். நீ ஊர் வந்ததும் சந்தனம் பூசிக் கும்பிட்டாயே, அது சேம்புக்கு மண் கிளறின களைமுள். சிவப்புத் துணி வேண்டுமே? ரயிலை நிறுத்துவதற்கு உன் அப்பா வைத்திருந்த சிவப்புக் கொடி பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துக் கட்டினேன். ரயிலை நிறுத்துகிற கொடி கோடாலியை நிறுத்தாதா என்று ஒரு நப்பாசை. மறுநாள் விடிந்ததும் செம்பருத்தி பறித்து வைத்து, விளக்கேற்றி, எதுவும் தெரியாதவள்போல உட்கார்ந்திருந்தேன். கூட்டம் வந்தது. வீராசாமி முன்னால் வந்து நின்று பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"காவல் முனியாக்கா? இத்தன நாளு சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே" என்றேன்.

கோடாலியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டான். அத்தனை பேரும் கும்பிட்டார்கள். பிறகு வேறு மலைக்குப் போனார்கள். விறகு குறைந்ததற்காக ஜப்பான்காரன் அவனைப் பாதையோரம் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். அறை வாங்கிக்கொண்டும் அவன் நம் பக்கம் திரும்பி வரவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். பயம் இருந்தவரை வீராசாமி நல்ல மனிதனாக இருந்தான். பக்தி வந்த பிறகுதான் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டான்.

மறு வருஷம் உன்னைப் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு என்று சொல்லி, ரயில்வே ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினார்கள். நீ ஆள் சொல்லி அனுப்பியிருந்தாய், வடக்கே போகிற வண்டி ரவாங்கில் நிற்கும் என்று. ஓடினேன். வண்டி நின்றது, ஆனால் பயணிகள் இறங்குகிற இடத்தில் இல்லை. விறகு ஏற்றுவதற்காகத் தள்ளி நின்றது. சரக்குப் பெட்டிகள். எந்தப் பெட்டியில் நீ இருக்கிறாய் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். உள்ளேயிருந்து யார் யாரோ அம்மா அம்மா என்றார்கள், எல்லாம் உன் குரல்போலவே இருந்தது. எஞ்சின் பக்கம் விறகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன். ரப்பர் கட்டை. பால் வெட்டின தழும்போடு இருந்த ரப்பர் கட்டை. நான் கைகாட்டிக் கொடுத்த மரம்தான் உன்னைச் சயாமுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். இல்லாமலும் இருக்கலாம், ரப்பர் மரம் எங்கே இல்லை? ஆனால் எனக்கு அப்படித்தான் பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கெம்பாஸ் மரத்தடிக்குத்தான் போனேன். அது கல் என்று இந்த உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். என் இடுப்பில் தூக்கி வந்தது. அந்தக் கல்லின் முன்னால் விழுந்து, மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கதறினேன். போய் நிற்க எனக்கு வேறு இடம் இல்லை மாணிக்கம். அப்போது நானும் ஒன்று சொன்னேன். "என் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடு. உன்னைச் சுற்றி நிற்கிற மரத்தில் ஒன்றின் மேலும் கோடாலி விழ விடமாட்டேன். என் உயிர் இருக்கிறவரை விடமாட்டேன்." இதைத்தான் சொன்னேன். நீ மூங்கில் தட்டியில் கிடந்து கூரை போடுகிறேன் என்று சொல்வதற்கு வெகு நாள் முன்பே, அதே சாமியிடம், இதை நான் சொல்லியாயிற்று.

இப்போது சொல், அவர் யாருடைய பேச்சைக் கேட்டு உன்னை அனுப்பினார்? மரத்தைக் கொடுக்கிறேன் என்று சொன்ன உன் பேச்சையா, மரத்தைக் காக்கிறேன் என்று சொன்ன என் பேச்சையா? நீ போன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்ற நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பஞ்சம் முற்றினபோது காட்டை அழித்துக் கிழங்கு போடு என்று சொல்லாத ஆள் இல்லை. நான் பெத்தாய்க் காய் பறித்தேன், காட்டு வள்ளி தோண்டினேன், தேன் எடுக்கிறவனுக்கு மரம் காட்டிப் பாதித் தேன் வாங்கினேன். உன் அப்பா இருந்தால் விட்டிருக்கமாட்டார், சருகுமானுக்குச் சுருக்குக்கூட வைத்தேன். மரத்தை மட்டும் தொடவில்லை. அந்தப் பக்கத்து மொட்டை மலையிலிருந்து மழைக்கு மழை செம்மண் இறங்கி ஓடை குழம்பாக ஓடியது. நம் பக்கத்து ஊற்று மட்டும் தெளிந்து கிடந்தது. கம்பத்துப் பெண்களும் ரயில் பாதை வீட்டுப் பெண்களும் குடத்தோடு அங்கேதான் வந்தார்கள். வந்தவர்கள் முனிக்கு ஒரு பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். சாமி அப்படித்தான் பெரியவர் ஆனார், வீராசாமி கமிட்டியால் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "என்னக்கா, என்னமோ உங்க சாமி மாதிரி பேசுறீங்க. நீங்களா கொண்டாந்து வச்சீங்க? அது ஊர்ச் சாமி லா!"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆமாம்டா, நான்தான் வைத்தேன், அது களைமுள், அது ரயில்வே கொடி என்று சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும்? சாமி இல்லை என்று ஆனதும் மண்டபம் நின்றுவிடும், சரி. மறுநாளே ஆளாளுக்கு விறகுக்குக் கோடாலியோடு வருவார்கள். இப்போது பலகைக்கு இருக்கிற கிராக்கியில் மில்காரன் லோரியையே கொண்டுவந்து நிறுத்துவான். திரும்பி வந்திருக்கிற வெள்ளைக்காரனும் மரம் எங்கே மரம் எங்கே என்றுதான் அலைகிறான். சாமி இருந்தாலும் மரம் போகிறது, சாமி இல்லாவிட்டாலும் மரம் போகிறது. நான் வைத்த கல் என் கழுத்துக்கே வந்துவிட்டது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டு இதை அடுப்பில் போடு.

நான் ஒன்றும் பிடிவாதக்காரி இல்லை. கட்டைத் தடத்தின் ஓரம், சாமியின் எல்லைக்கு வெளியே, இரண்டு மெராந்தி நிற்கின்றன, உன் அப்பாவே குறித்து வைத்தவை. அவற்றின் கன்றுகள் வளர்ந்து நிற்கின்றன, கொடியும் அறுத்தாயிற்று. அவை உன் கல்யாணத்துக்கென்றே நிற்கிற மரங்கள். கட்டிலுக்கு எடுத்துக்கொள், வீட்டுக்கு எடுத்துக்கொள். வேண்டுதல் தீரவேண்டும் என்றால் அதில் நான்கு கால் நட்டு, அத்தாப்பு ஓலை வேய்ந்து, கல்லுக்கு மேல் ஒரு சின்னக் கூரை போடு. மழையில் நனைந்து பழகினவர், அதுவே அவருக்கு அதிகம். தாலியும் அங்கேயே கட்டு, கெம்பாஸ் நிழலில் கிள்ளான் ஜனம் முழுக்க உட்காரலாம். 'உபயம்' என்று வீராசாமி பேரைப் பொறிக்க இடம் இருக்காது, அது ஒன்றுதான் குறை.

புதன்கிழமை காலை எழுந்தேன், யோசித்தேன், ஓடைக்குப் போனேன். நல்ல கருங்கற்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். கீழேயிருந்து ஆரம்பித்து, குறி விழுந்த மரத்தடியில் ஒவ்வொன்றாக வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். துணி இல்லை. பெட்டியில் என் கூறைச் சேலை இருந்தது. ஊரே கோணியைச் சுற்றிக்கொண்டு திரிந்த காலத்தில்கூட அதை விற்கவில்லை, உடுத்தவும் இல்லை. உன் பெண்டாட்டிக்கு என்று வைத்திருந்தேன். அதைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, கல் வைத்த ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்புக் குறிக்கு மேலே கட்டினேன். உன் பெண்டாட்டி கேட்டால், மாமியார் சேலை காட்டில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள் என்று சொல். இன்று காலை தண்ணீருக்கு வந்த பெண் ஒருத்தி, பொக்கை மெராந்தி அடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எந்தச் சாமிக்கா?" என்று கேட்டாள். "எல்லாம் பெரியவரோட தம்பிங்கதான்" என்றேன். சூடம் ஏற்றிவிட்டுப் போனாள். சனிக்கிழமை வீராசாமி ரம்பத்தோடு வரட்டும். எந்தச் சாமியை முதலில் அறுக்கிறான் என்று பார்க்கிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை முதல் ரயிலில் நீயும் வா. கமிட்டியோடு வந்தாயானால் கூடத்தில் உட்கார், விருந்தாளிக்குத் தருவதுபோலத் தேத்தண்ணி தருகிறேன். தனியாக வந்தாயானால் வீட்டுக்கு வரவேண்டாம், சட்டையைக் கழற்றிவிட்டு நேராக ஓடைக்கு வந்துவிடு. பாதி மேடு வரைக்கும்தான் என்னால் முடிந்தது, அதற்கு மேல் இடுப்பு விடவில்லை. மேலே இருக்கிற மரங்களுக்கு இன்னும் சாமி இல்லை. அவற்றுக்கு நல்ல பெரிய கல்லாகப் பார்த்துக் கரையில் எடுத்து வைத்திருக்கிறேன். தூக்கத்தான் ஆள் இல்லை.

அம்மா